சாந்தாமணியின் வீட்டுக்காரர்

கழுத்து வரைக்கும் வெந்நீர், கழுத்துக்கு மேலே குளிர். எதிரே மூன்றடி தள்ளி ஒரு ஜப்பான்காரர், ஈரத்துண்டை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு, மூங்கில் தட்டிக்கு அந்தப்புறம் குளித்துக்கொண்டிருக்கும் என் மனைவியோடு பேசிக்கொண்டிருக்கிறார். அவர் உடம்பில் பொட்டுத் துணி கிடையாது. என் உடம்பிலும் இடுப்பில் கிடக்கிற வெள்ளி அரைஞாண் கொடியைத் தவிர ஒன்றும் கிடையாது. அந்தப்புறம் அவளும் என் மகள் தாரணியும் அப்படித்தான் இருப்பார்கள், இங்கே அதுதான் முறையாம், துணியோடு இறங்கினால் தண்ணீர் கெட்டுப்போகுமாம். ஆளுயரத் தட்டி நடுவில் இருப்பதால் தப்பில்லை என்று தாரணி எனக்கு நேற்றே விளக்கிவிட்டாள். தப்பில்லைதான். யாரும் யாரையும் பார்க்க முடியாதுதான். ஆனால் இருபத்தாறு வருஷமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவள், குளிக்கப் போகும்போது துண்டை மறந்துவிட்டால் கதவை நாலு விரற்கடை மட்டும் திறந்து கையை நீட்டுகிறவள், இப்போது ஜப்பானில் இந்த மலையடிவாரத்தில், வானத்தைப் பார்த்த மாதிரி தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, ஒரு அந்நிய ஆம்பளையின் பேச்சுக்குச் சிரிக்கிறாள். என்ன பேச்சு என்று எனக்குத் தெரியாது. அதுதான் விஷயமே. பார்க்க முடியாதது பெரிதில்லை. கேட்க முடிகிறது, நன்றாகக் கேட்கிறது, ஒரு எழுத்துப் புரியவில்லை.

இந்த ஆளுக்குச் சசாகி என்று பேர். வயது அறுபத்திரண்டு, பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்டாட்டி செத்து எட்டு வருஷம், முட்டிவலி உண்டு, இந்த விடுதி அவருடைய அக்காவுடையது. இவ்வளவும் சாந்தாமணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? இரண்டு வருஷமாக வாராவாரம் செவ்வாயும் வெள்ளியும் மத்தியானம் மூன்று மணிக்கு லேப்டாப்பில் உட்கார்ந்து பேசித் தெரியும். பேச்சுப் பழக்கமாம். ஜப்பானிய மொழி படிக்கிறவர்களுக்கு அந்த ஊர்ப் பெரியவர்கள் சும்மா பேசிக்கொடுக்கிற ஏற்பாடாம். இத்தனைக்கும் அது தாரணிக்காகச் சேர்ந்த வகுப்பு. பெங்களூரில் வேலை கிடைத்ததும் தாரணி நாலாவது மாசமே நின்றுவிட்டாள், பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்த அவள் அம்மா நிற்கவில்லை. ஒரு பரீட்சை எழுதினாள், பாஸ். இன்னொன்று எழுதினாள், அதுவும் பாஸ். நான் சிரித்தேன். "படிச்சுப்போட்டு யாருகிட்டப் பேசப் போற, நம்ம எருமைகிட்டயா?" என்று கேட்டேன். அவளும் சிரித்தாள், "பேசறதுக்கு ஆளு கெடைக்காமயா போயிருமுங்க" என்றாள். கிடைத்துவிட்டது. தலையில் துண்டு வைத்துக்கொண்டு எனக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறது.

எனக்குப் பொறாமை. வேறு பேர் சொல்லிப் பூசி மெழுகுவதில் என்ன இருக்கிறது, ஐம்பத்தாறு வயதில், பேரன் எடுக்கிற காலத்தில், எனக்கு வயிறு எரிகிறது. அந்த ஆளைப் பார்த்தால் எரிகிறது என்றால்கூடப் பரவாயில்லை, ஆளில் ஒன்றுமில்லை, குச்சிக் கால், ஒட்டிப்போன நெஞ்சு, மண்வெட்டி பிடித்து அறியாத தோள். நான் இன்றைக்கும் ஒரு இரும்புக் குழாயை ஒற்றை ஆளாகத் தோளில் போடுவேன். என்னை எரிப்பது அவள் குரல். எங்கள் வீட்டில் அவளுக்கு ஒரு குரல் உண்டு, அடுப்படியிலிருந்து வாசல் வரை எட்டுகிற குரல், அது எனக்குத் தெரியும், சோறு ஆறிப்போகுது, மாத்திரை போட்டீங்களா, கேஸ்காரன் வந்தான். தட்டிக்கு அந்தப்புறமிருந்து வருவது அந்தக் குரலே இல்லை. அது மெலிசாக, உயரமாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கடைசியில் சின்னதாக ஒரு எடுப்போடு வருகிறது, பள்ளிக்கூடம் விட்டு வருகிற பெண்பிள்ளை மாதிரி. நான் பெண் பார்க்கப் போனபோது இப்படிப் பேசியிருப்பாளோ? அன்றைக்கு அவள் பேசவே இல்லை, காப்பித் தட்டை நீட்டினாள், எடுத்துக்கொண்டேன். இந்தக் குரல் எங்கே இருந்தது இத்தனை நாள்? நான் இல்லாதபோது வீட்டில் இருந்ததோ என்னவோ.

நான் வீட்டில் இருந்ததில்லை. எங்கள் திருச்செங்கோட்டில் அது ஒரு குற்றமில்லை, பாதி ஊர் அப்படித்தான், ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறவன் வண்டியோடு போவான். போர் போடுவதற்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் என்று வருஷத்தில் ஒன்பது மாசம். தீபாவளிக்கும் தேருக்கும் வருவேன். வந்தாலும் போன் நிற்காது, திண்டாடிக்கொண்டிருக்கும் டிரில்லருக்கு யோசனை சொல்ல வேண்டும், போர் போடச் சொன்ன பார்ட்டியைச் சமாளிக்க வேண்டும், எல்லாம் இந்தியில். நான் இந்தி நன்றாகப் பேசுவேன், பள்ளிக்கூடத்தில் படித்ததில்லை, மண்ணில் நின்று கற்றது. கூடத்தில் உட்கார்ந்து இந்தியில் உரக்கச் சிரித்துப் பேசுவேன், சாந்தாமணி கதவோரம் நின்று என் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருதரம், கல்யாணமாகி இரண்டாவது வருஷமோ மூன்றாவது வருஷமோ, "யாருங்க அது, பொம்பளைக் கொரலாட்டக் கேக்குது?" என்றாள். ராய்ப்பூரில் கம்ப்ரசருக்குச் சாமான் விற்கிற கடைக்காரி, ஐந்து பிள்ளைக்காரி, அவ்வளவுதான் விஷயம். "உனக்கெதுக்கு?" என்றேன். சொல்லியிருக்கலாம். சொல்லாமல் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது, அவள் முகம் சுருங்கியதைப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இப்போது நினைத்தால் கேவலமாக இருக்கிறது, அன்றைக்கு நன்றாக இருந்தது. அதன்பிறகு அவள் கேட்கவில்லை. நானானால் இரண்டு வருஷத்தில் இருபது தரம் கேட்டாயிற்று. "என்ன பேசுனீங்க?" என்றால் "சும்மாதானுங்க" என்கிறாள். வண்டி இரண்டையும் மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு வந்து உட்கார்ந்த நாளிலிருந்து இதே கதைதான். மூன்று மணி ஆனால் அறைக்கதவு ஒருக்களிக்கும், உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம். மணி நாலு அடித்தால் வெளியே வந்து காப்பி போடுவாள். அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்தேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அவர்களோடு குளித்துக்கொண்டிருந்த சசாகியின் அக்கா தட்டியின் மேல் ஏதோ சொல்லி வீசினாள், இந்த ஆள் பதில் வீசினார், நடுவில் சாந்தாமணி "ஆ, ஆ, ஸோ" என்று இழுத்தாள், மூன்று பேரும் சேர்ந்து சிரித்தார்கள். தண்ணீருக்குள் என் கால் விரல்கள் சுருங்கின. என்னைப் பற்றித்தான். என்னைப் பற்றி இல்லாமல் என்ன இருக்கிறது இவ்வளவு சிரிக்க?

"தாரணி!" என்றேன், தட்டியைப் பார்த்து.

"என்னப்பா?"

"என்ன பேசிக்கறாங்க?"

"பாதிதான் புரியுதுப்பா. முள்ளங்கி."

"முள்ளங்கியா?"

"ஆமாப்பா, முள்ளங்கிய எப்பிடிக் காயப்போடறதுன்னு. ரொம்ப நேரம் உக்காராதீங்க, தல சுத்தும்."

முள்ளங்கி. முள்ளங்கிக்கு இந்தச் சிரிப்பா? நான் இருபத்தாறு வருஷமாக முள்ளங்கிச் சாம்பார் சாப்பிடுகிறேன், ஒருநாளும் சிரிப்பு வந்ததில்லை. மகளும் சேர்ந்து மறைக்கிறாள் என்று தோன்றியது. மறைப்பானேன்? மறைக்க ஒன்று இருப்பதால்தான். இல்லை, உண்மையிலேயே முள்ளங்கியாகவும் இருக்கலாம், வருகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு இறவாரத்தில் முள்ளங்கியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள், வெள்ளை வெள்ளையாக, சாந்தாமணி வண்டியை நிறுத்தச் சொல்லிப் போட்டோ எடுத்தாள். வண்டியை நிறுத்தச் சொல்லி! அதையும் அவள்தான் சொன்னாள், அந்த ஆளின் வேனில், முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு. "அவரு சொல்றதக் கேட்டுச் சொல்லோணுமுங்க, நான் முன்னால உக்காந்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள், கேட்டுவிட்டு ஏறிவிட்டாள். என் காரில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தது கிடையாது. முன்னால் அம்மா உட்காருவாள், அம்மா போன பிறகும் இவள் பழக்கதோஷத்தில் பின்னால்தான் ஏறுவாள், நானும் முன்னால் வா என்று சொன்னதில்லை. இன்றைக்கு நான் பெட்டிகளோடு பின்சீட்டில். அருவிக்குப் போனோம், இலையெல்லாம் சிவந்து கிடக்கிற ஒரு கோயிலுக்குப் போனோம், எல்லா இடத்திலும் அவள் முன்னால் போக நாங்கள் பின்னால் போனோம். வழியில் நின்ற பஸ் டிரைவரிடம் அவள் பேசினாள், டிக்கெட் கிழிக்கிற பெண்ணிடம் பேசினாள், குனிந்து குனிந்து பேசினாள். கோயிலில் ஒரு கிழவி என்னைக் காட்டி ஏதோ கேட்க, சாந்தாமணி ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாள். என்ன கேட்டாள் என்றேன். "நீங்க யாருன்னு கேட்டாங்க, வீட்டுக்காரருன்னு சொன்னேனுங்க." அவ்வளவுதான். சாந்தாமணியின் வீட்டுக்காரர். அர்த்தநாரி ரிக்ஸ் என்றால் ராஞ்சி வரைக்கும் தெரியும், இங்கே நான் பெட்டி தூக்குகிறவன்.

அதிலும் இந்த ஆள் அவளைச் "சாந்தா சான்" என்கிறார். சான் என்பது மரியாதையாம், நம் "ங்க" மாதிரி. இருக்கட்டும். சாந்தா என்று யார் சுருக்கச் சொன்னது? நானே சுருக்கியதில்லை. நான் அவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டதில்லை, "இந்தா", "ஏ புள்ள", அவசரமென்றால் "தாரணியம்மா". சாந்தாமணி என்று முழுசாக வாய் திறந்து சொன்னது ரேஷன் ஆபீசில் ஒருதரம் இருக்கும், ஆஸ்பத்திரியில் ஒருதரம் இருக்கும். இந்த ஆள் என்னடாவென்றால் மூச்சுக்கு மூச்சு சாந்தா சான், சாந்தா சான், அவளும் ஒவ்வொன்றுக்கும் "ஹாய்" என்கிறாள், அவர்கள் பாஷையில் ஆமாம் என்று அர்த்தமாம். நானும் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், தண்ணீர் உதட்டில் படுகிற மாதிரி கிட்டக் குனிந்து, சாந்தா. எனக்கே வேறு யாரையோ கூப்பிடுவது போல இருந்தது. சசாகி என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார். கேட்டுவிட்டாரோ? மரியாதையான புன்னகை, பல் தெரியாத புன்னகை, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறதென்று யார் கண்டது. தெரியும், இந்த ஆளுக்கு எல்லாம் தெரியும். இரண்டு வருஷம், வாரம் இரண்டு மணி நேரம், ஒரு பெண்பிள்ளை எதைப் பேசுவாள், புருஷனைப் பேசாமல்? தேர் நோம்பியன்று ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் அவளைக் கைநீட்டி அடித்தேனே, அது. அவள் அப்பா சாவுக்கு மூன்றாம் நாள்தான் வந்து சேர்ந்தேன், அது. எனக்குக் கீழ்வரிசையில் நாலு பல் கட்டுப்பல் என்பது. ராய்ப்பூர்க்காரியை என்னவாகச் சொல்லியிருப்பாள்? இவளிடம் நான் அப்படி ஒன்றுமில்லை என்று சொல்லவில்லையே, இவள் ஏதோ இருக்கிறது என்றே வைத்துக்கொண்டிருப்பாள், இருபது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, எனக்குப் புரியாத ஒரு பாஷை கிடைத்ததும் இந்தப் பூகோள வாத்தியாரிடம் போய்க் கொட்டியிருப்பாள். அந்த ஆளும் லேப்டாப்புக்குள்ளிருந்து உச்சுக்கொட்டியிருப்பார். ஐயோ பாவம் சாந்தா சான். இப்போது என்னோடு ஒரே தண்ணீரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்க்கிறபோது அந்த ஆளுக்கு உள்ளே என்ன ஓடும்? இவன்தானா அவன் என்று ஓடும்.

தண்ணீரைப் பற்றி நினைக்கலாம் என்று பார்த்தேன். தண்ணீர்தான் என் தொழில். பாலைத் தண்ணீரில் கலக்கிய மாதிரி வெளுப்பு, அழுகின முட்டை வாடை, மலைக்குள்ளிருந்து ஒரு மரக்குழாய் வழியாகச் சலசலவென்று வந்து விழுகிறது. எத்தனை அடி போட்டீர்கள் என்று மத்தியானம் சாந்தாமணியை விட்டுக் கேட்கச் சொன்னேன். போடவே இல்லையாம், அதுவாகவே வருகிறதாம், அவருடைய பாட்டன் காலத்திலும் வந்ததாம். அதைச் சொல்லும்போது அந்த ஆளுக்கு ஒரு பெருமை, என்னவோ அவரே கொண்டுவந்து விட்ட மாதிரி. நான் எண்ணூறு அடி, ஆயிரம் அடி, பாறை மாற்றிப் பாறை, வாய்க்குள்ளெல்லாம் கல்மாவு, கடைசியில் தண்ணீருக்குப் பதில் புகை மட்டும் வந்து பார்ட்டி கட்டையைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்த கதையெல்லாம் உண்டு. அந்தக் கதையை இங்கே யாரிடம் சொல்ல? சொன்னால் சாந்தாமணிதான் அவர் பாஷையில் சொல்ல வேண்டும், அவள் எப்படிச் சொல்வாள் என்று எனக்கு எப்படித் தெரியும், நான் நூறு வார்த்தை சொன்னால் அவள் பத்துத்தான் சொல்கிறாள், அவர் அதற்கு இருநூறு சொல்கிறார். நடுவில் விழுகிறதெல்லாம் எங்கே போகிறது?

அப்போதுதான் சசாகி திடீரென்று என் இடுப்பைக் காட்டி "ஆ!" என்றார். நான் சூடு தாங்காமல் எழுந்து கல்மேல் உட்கார்ந்திருந்தேன். அவர் கையை ஆட்டினார், தண்ணீரைக் காட்டினார், மறுபடி என் இடுப்பைக் காட்டினார், மறுபடி தண்ணீர். குனிந்து பார்த்தேன். அரைஞாண் கொடி கருத்துப்போயிருந்தது. காலையில் பளிச்சென்று இருந்த வெள்ளி, அடுப்புக்கரியைத் தேய்த்த மாதிரி. நான் துடைக்கத் துடைக்க அப்படியே இருந்தது. இந்த மனுஷன் என்ன செய்தார்? என்னிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது என்றதும், தட்டிப் பக்கம் திரும்பி, என் இடுப்பில் கிடப்பதைப் பற்றி என் பெண்டாட்டிக்கு உரக்க விவரமாகச் சொன்னார். அந்தப்புறம் முதலில் அவள் சிரித்தாள், அவருடைய அக்கா சிரித்தாள், என் மகள் சிரித்தாள்.

"ஏனுங்க," என்றாள் சாந்தாமணி, வீட்டுக் குரலில். "இந்தத் தண்ணியில கந்தகமுங்களாம். வெள்ளி பட்டா கருத்துருமாமுங்க. உள்ள வர்ற எடத்துலயே போர்டு வெச்சிருக்குது, வெள்ளிச் சாமானெல்லாம் கழட்டி வெச்சுட்டு வாங்கன்னு."

"எனக்கெங்க போர்டு படிக்கத் தெரியுது?"

"ஊருக்குப் போய்ப் பட்டறையில குடுத்தா பாலீஷ் போட்டுருவாங்க. விடுங்க."

விடுங்க. சரி, விட்டேன். மறுபடி தண்ணீருக்குள் இறங்கிக் கழுத்து வரை மறைந்துகொண்டேன், இனிமேல் கருக்க என்ன இருக்கிறது. சசாகி என்னிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி தலையைத் தாழ்த்தினார், நானும் தாழ்த்தினேன். கந்தகம். போர்டு வைத்திருக்கிறது. அவள் படித்திருக்கிறாள். வெள்ளிச் சாமானெல்லாம் கழற்றி வைத்துவிட்டு வரவும். அவள் உடம்பில் வெள்ளி என்ன இருக்கிறது? தாலிக்கொடி தங்கம், தோடு தங்கம், வெள்ளியென்றால் மெட்டி. மெட்டியைக் கழற்றி வைத்துவிட்டா தண்ணீரில் இறங்கினாள்? புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே மெட்டியைக் கழற்றி, ஒரு கூடையில், ஈரத்துண்டுக்கும் சீப்புக்கும் நடுவில் போட்டுவிட்டு வந்து சிரித்துக்கொண்டிருக்கிறாளா? எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. அம்மா இருந்திருந்தால் ஊரைக் கூட்டியிருப்பாள், நான் அப்படியில்லை. ஆனால் வேறு எங்கேயாவது கழற்றியிருந்தால் பரவாயில்லை. இங்கே, இந்த ஆள் எழுதி வைத்த ஒரு போர்டைப் படித்துவிட்டுக் கழற்றியிருந்தால்? அந்த ஆளின் ஊரில், அந்த ஆளின் எழுத்தில் சொன்னான், கழற்றினாள். நான் போட்ட மெட்டி கந்தகத்துக்கு ஆகாது. இல்லை, கழற்றியிருக்க மாட்டாள். அவளாவது, கழற்றுவதாவது. ஆடிப்பதினெட்டுக்கு ஆற்றுக்குப் போனாலும் அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாலும் காலில் அது இல்லாமல் அவளை நான் பார்த்ததில்லை. போர்டைப் படித்திருப்பாள், படித்துவிட்டு, கருத்தால் கருக்கட்டும் என்று அப்படியே இறங்கியிருப்பாள். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் இந்நேரம் அவள் கால்விரலும் என் இடுப்பு மாதிரி கருத்திருக்கும். கருத்திருக்கட்டும் சாமி என்று நான் வேண்டிக்கொண்டேன். எனக்கென்று இவ்வளவு அழுத்தமாக வேண்டி ரொம்ப நாளாயிற்று, எட்டாவது போரும் புகையாகப் போனபோதுகூட இப்படி வேண்டியதில்லை. கருப்பாக இருந்தால் போதும். அதன்பிறகு முள்ளங்கியோ பூகோளமோ என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்ளட்டும், வாரம் மூன்று நாள்கூடப் பேசட்டும், கதவைச் சாத்திக்கொண்டே பேசட்டும். கருப்பாக மட்டும் இருக்கட்டும்.

தட்டிக்கு அந்தப்புறம் தண்ணீர் தளும்புகிற சத்தம், எழுகிறார்கள். "அப்பா, நாங்க வர்றோம், நீங்களும் வாங்க!" என்றாள் தாரணி. நான் எழுந்தது எனக்கே அதிகமான அவசரம், தலை சுற்றியது, சசாகி என் முழங்கையைப் பிடித்தார். உதறவில்லை, ஆனால் அது எனக்குப் பிடிக்கவுமில்லை. துவட்டி, விடுதியில் கொடுத்த நீல அங்கியைச் சுற்றி, இடுப்புப் பட்டையை ஏதோ ஒரு வாட்டத்தில் கட்டிக்கொண்டு நடைக்கு வந்து நின்றேன். அவர்கள் வந்தார்கள், முகம் சிவந்து, முடி ஈரமாக. அவளை அப்படிப் பார்க்கப் புதிதாக இருந்தது, அழகாக இருந்தாள், அதைச் சொல்லவா நேரம். நான் காலைப் பார்த்தேன். நடைக்குள் போடுகிற தோல் செருப்பு, விரல் முழுக்க மூடியது. பேசிக்கொண்டே நடந்தோம், சாப்பாட்டுக்கு முன்னால் வெளிச்சம் இருக்கும்போதே சசாகி ஊற்றுக்கண்ணைக் காட்டுகிறாராம், பக்கத்தில்தானாம். அவள் ஒவ்வொரு அடி வைக்கும்போதும் நான் அவள் முன்னங்காலையே பார்த்துக்கொண்டு நடந்ததில் ஒரு படியில் இடித்துக்கொண்டேன். "பாத்துங்க" என்றாள்.

வாசலில் சசாகி முட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, வெளியே போட்டுக்கொள்கிற மரச்செருப்புகளை வரிசையாக வைத்தார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் வார் போகிற செருப்பு. எனக்கு ஒன்று, தாரணிக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. பிறகு அலமாரியின் மேல்தட்டிலிருந்து தனியாக ஒரு ஜோடி எடுத்தார், மெத்தென்ற துணிச்செருப்பு, விரல்பக்கம் அகலமாக, வார் இல்லாமல். அதைச் சாந்தாமணியின் முன்னால் வைத்தார். ரெண்டு கையாலும் வைத்தார். அவள் "அய்யோ" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகு அவர் பாஷையில் ஏதோ சொல்லி நாலு தரம் குனிந்தாள். அவளுக்கு மட்டும் ஏன் வேறு? எனக்குக் காது மடல் சுட்டது. அவள் நடைச்செருப்பைக் கழற்றினாள். கால் பலகைமேல் வந்தது.

விரல்கள் மொட்டையாக இருந்தன.

"மெட்டி எங்க?" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

"மெட்டிங்களா?"

"போர்டப் படிச்சுப்போட்டுக் கழட்டி வெச்சயா? கழட்டுனவ திருப்பிப் போடோணும்னு தெரியாதா? அதுகூட நான் சொல்லோணுமா உனக்கு, இந்த ஊருக்கு வந்து?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். கோபமில்லை, விளங்காத பார்வை. "நான் மெட்டி போட்டு நாலு வருசமாச்சுங்களே," என்றாள்.

"அப்பா," என்றாள் தாரணி. "நெசமாலுமே தெரியாதா உங்களுக்கு?"

என்னமோ சரியில்லை என்று பட்டிருக்கும், சசாகி நடுவில் புகுந்து மெதுவாக ஏதோ கேட்டார், அவள் காலைக் காட்டி. அவள் தலையசைத்துப் பதில் சொன்னாள். பிறகு என்னிடம் திரும்பி, "இப்ப வலிக்குதான்னு கேக்கறாருங்க," என்றாள். "குளுருல அந்த வெரலு மரத்துப் போயிருதுன்னு எப்பவோ பேச்சுவாக்குல சொல்லியிருந்தேன். அதான் அவங்க அக்காகிட்டச் சொல்லி இந்தச் செருப்பத் தெச்சு வெச்சிருக்காரு. வார் செருப்புன்னா வெரலுக்கு நடுவுல குத்துமில்லீங்களா."

"எந்த வெரலு? என்னாச்சு?"

"வாசல்ல அடுக்கி வெச்சிருந்தீங்களே, போருக்குள்ள எறக்கற கேசிங் பைப்பு. அது உருண்டு கால்மேல விழுந்துச்சுங்களே. வெரலு வீங்கி மெட்டி கழல மாட்டேன்னுருச்சு, ஆஸ்பத்திரில கட்டிங் பிளேயர் வெச்சுத்தான வெட்டி எடுத்தாங்க. அப்பறம் ஒத்தக் கால்ல மட்டும் எதுக்குன்னு இன்னொரு காலுதையும் நானே கழட்டிப் போட்டேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லியே."

"சொன்னனுங்களே. அன்னைக்கே போன் பண்ணுனேன். நீங்க ஜார்க்கண்டுல இருந்தீங்க. பைப்பு நெளிஞ்சு போச்சான்னு கேட்டீங்க."

முள்ளங்கியைப் பற்றிச் சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள், குத்திக்காட்டுகிற குரல் கூட இல்லை. பைப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஏழு இன்ச், வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலத்துக்கு நெளிசல், ஊருக்கு வந்ததும் அதைச் சேலத்துக்கு அனுப்பிச் சரிசெய்து வாங்கினேன், யார் உருட்டினது என்று கேட்டு வாசலில் நின்று சத்தம் போட்டேன், அன்றைக்கு அவள் எப்படி நடந்தாள், நொண்டினாளா, கட்டுப் போட்டிருந்தாளா, ஒன்றும் இல்லை, தேடத் தேட அந்தப் பைப்பின் வாய்தான் வருகிறது. சசாகி தள்ளி நின்று வேறெங்கோ பார்த்தார், பார்க்காத மாதிரி இருப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்த மனுஷன்மேல் எனக்கு அப்போதும் எரிச்சல்தான். இன்னும் அதிகமாக.

"எந்தக் காலு?" என்று கேட்டேன்.

தாரணி வாயைத் திறந்தாள். சாந்தாமணி அவள் கையைத் தொட்டு நிறுத்தினாள். பிறகு துணிச்செருப்புக்குள் நுழைத்த காலை வெளியே எடுத்து, இரண்டு பாதத்தையும் பலகைமேல் ஒன்றாகச் சேர்த்து வைத்தாள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. நின்றவாக்கில் பார்த்தேன், தெரியவில்லை. குனிந்து பார்த்தேன், அப்போதும் தெரியவில்லை. மரச்செருப்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு மண்டி போட்டு உட்கார்ந்தேன்.